ஆலாக்கள் இறந்த கோடை

மே 27, சனி

தீவுக்கு வந்து சேர்ந்தேன். ஆர்ச்சியின் படகில் இரண்டு முறை வாந்தி. நோர்தம்பர்லண்ட் கரையிலிருந்து பார்த்தால் இது ஒரு தீவு என்றே தெரியவில்லை. தட்டையான பாறை, அதன்மேல் கொஞ்சம் புல், ஆளில்லாமல் இயங்கும் ஒரு கலங்கரை வெளிச்சவீடு. அதன் அடியில் மூன்று அறைகள். மிச்சமெல்லாம் பறவைகள்.

ஐங்கரன் இறங்குதுறையில் நின்றார். ஏப்ரலில் ஹரோ வீட்டிலிருந்து புறப்பட்டதைவிட மெலிந்து, கறுத்து, வயது குறைந்து தெரிந்தார். பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றில் அவருக்கு வேலை. ஒவ்வொரு கோடையும் இந்தத் தீவின் காவலர். நான் ஹரோவில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடங்களில் நான் இங்கே வந்தது இதுதான் முதல் தடவை.

"வருவீர் எண்டு நான் நினைக்கவேயில்லை" என்றார். என் பையைத் தானே தூக்கிக்கொண்டார். அறையைக் கூட்டி, ஜன்னலுக்குத் துணி கட்டி, கரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி எனக்காக மாட்டி வைத்திருந்தார். அவர் என்றைக்குமே கண்ணாடி பார்க்கிற ஆள் இல்லை.

பத்து நாள் விடுமுறை. அதற்குள் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்லக் கூடாது என்றுதான் நேரில் வந்தேன். இன்று சொல்லவில்லை. களைப்பு.

மே 29

ஹன்னா என்று இன்னொரு காவலர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், நன்றாகச் சிரிக்கிற பிள்ளை. எனக்கு ஒரு தடித்த தொப்பி தந்தாள். கூடுகளுக்குப் பக்கத்தில் போனால் ஆலாக்கள் என்கிற இந்தக் கடற்பறவைகள் தலையில் கொத்துமாம். கொத்தின. கழுத்திலும் தோளிலும் எச்சம்.

இத்தனை சத்தத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. கறுத்த தலை, வெள்ளை உடம்பு, கத்தரிக்கோல் மாதிரி வால். ஆயிரக்கணக்கில். அவற்றுக்குள் ஐங்கரனுடையவை ரோசா ஆலாக்கள். நெஞ்சில் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு, வெயிலில் நின்றால்தான் தெரியும். இந்த நாட்டில் மிகவும் அரிதானவை. கூழாங்கல் மேட்டில் அவற்றுக்காகச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். முதல் வருடம் ஏழு சோடி வந்தனவாம். இந்த வருடம் நூற்றுக்கு மேல்.

"அதைப் பாரும், அந்த ஓரத்துப் பெட்டி. மீனைக் குடுத்துப்போட்டு அவர் போகாமல் நிக்கிறார் பாரும்."

ஐங்கரன் தொலைநோக்கியை என் கண்ணில் வைத்துப் பிடித்திருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம். பதினான்கு வருடங்களில் இந்த முகத்தை வீட்டில் நான் பார்த்ததில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 1

போன் பேச வெளிச்சவீட்டின் மேற்குச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஹரோவிலிருந்து அக்கா.

"சொன்னனியோ?"

"இன்னும் இல்லை அக்கா. பறவை அடைகாக்கிற நேரம். இப்ப சொல்ல ஏலாது."

"ஓம். பிறகு குஞ்சு பறக்கிற நேரம். பிறகு பறவை போற நேரம். பதினாலு வருசமா இதைத்தானே நீயும் கேட்டனீ? மேல் அறையைத் துப்புரவாக்கி வைச்சிருக்கிறன். கட்டிலும் போட்டாச்சு."

"திங்கள் படகு வருது. அதுக்குள்ள சொல்லுறன்."

"அந்த மனுசன் கூடாதவர் இல்லை, வதனி. நானும் சொல்லேல்லை. ஆனா வீட்டிலை ஒரு ஆள் இருக்க வேணும்."

எனக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்த கோடைகளும் எனக்குத் தெரியும், அம்மா செத்த கோடையும் தெரியும். அவருக்குச் செய்தி கிடைத்து, கடல் அடங்கி, வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் செலவுச் சடங்கும் முடிந்திருந்தது.

ஜூன் 5

கடல் மோசம். படகு இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 6

காலையில் ஹன்னா ஒரு பெரிய ஆலாவைக் கண்டாள். புல்லில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலை பின்னுக்குத் திருகிப்போய், ஒரு கண் பால் நிறமாக. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. பிற்பகலில் இன்னும் மூன்று.

ஐங்கரன் வெள்ளை மேலங்கி, முகக்கவசம், இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார். திரும்பி வந்து வாசலில் கிருமிநாசினித் தொட்டிக்குள் நின்றபடி உள்ளே வராமல் என்னைப் பார்த்தார்.

"வதனி, நாளைக்குப் படகு வந்தால் நீர் போம். இது நீர் நிக்கிற இடம் இல்லை."

பறவைக் காய்ச்சல் என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை.

ஜூன் 8

படகு வந்தது. ஹன்னா போய்விட்டாள். அவளுக்கு ஆஸ்துமா, சங்கமே திருப்பி அழைத்தது. அழுதுகொண்டு போனாள். வேறு ஆட்களைத் தீவில் இறக்கப்போவதில்லையாம், தொற்று பரவும் என்று. தனி ஆள் தீவில் தங்கக் கூடாது என்பதும் விதி. நான் போனால் அவரும் போக வேண்டும், கூடுகளைக் கவனிக்க ஒருவரும் இல்லை.

ஆர்ச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் பை இறங்குதுறையில் இருந்தது. ஐங்கரன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அலை அதிகமாக இருந்தது, ஏற எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் நின்றேன். கடைக்கு அறிவித்துவிட்டேன், சம்பளமில்லா விடுப்பு.

ஜூன் 13

ஆய்வுகூடத்திலிருந்து பதில். அதேதான்.

கரையில் இருக்கிற மேலாளர் ஃபியோனா போனில் சொன்னதை அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். யாரும் பறவைக் கூட்டத்துக்குள் போகக் கூடாது. இறந்தவற்றைத் தொடக் கூடாது. உள்ளே போனால் குஞ்சுகள் பயந்து ஓடும், நோய் இன்னும் பரவும். வழிகாட்டல் வரும்வரை தூரத்தில் நின்று எண்ணிக்கை மட்டும்.

"அப்ப செத்ததெல்லாம் உயிரோட இருக்கிறதுக்குப் பக்கத்திலையே கிடக்கட்டாமோ?" என்று கேட்டேன்.

"அப்படித்தான்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓம் எண்டு சொன்னன்."

சோறும் பருப்பும் வைத்தேன். பிசைந்துவிட்டு எழும்பிப் போனார்.

ஜூன் 17

ரோசாக்களின் முட்டைகள் பொரிக்கத் தொடங்கிவிட்டன. இந்தக் கிழமையிலா?

அவர் வெளிச்சவீட்டின் படியில் தொலைநோக்கியோடு இருக்கிறார். நான் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். செத்ததில் பெரிய இன ஆலாக்கள்தான் அதிகம். தாய் செத்துக் கிடக்க, குஞ்சு அதன் செட்டைக்குக் கீழே நுழைகிறது. சூடு தேடுகிறதாம். கடற்காகங்கள் வந்து செத்ததைக் கிழித்து இன்னொரு பக்கத்தில் போடுகின்றன.

காற்று நம் பக்கம் வீசும்போது ஜன்னலைப் பூட்டினாலும் நாற்றம் வருகிறது. உடுப்பில், தேநீரில், தலையணையில். நான் மருந்துக்கடையில் நிற்கிறவள், நாற்றங்கள் எனக்குப் புதிதில்லை. இது வேறு.

இன்று முழுக்க அவர் என்னோடு பேசியது எண்கள் மட்டும்.

ஜூன் 18

மழை. ஓரத்துப் பெட்டியில் இரண்டு குஞ்சுகள்.

ஜூன் 20

இன்று காலை அவர் மேலங்கியைப் போட்டார். நான் கேட்கவில்லை. நானும் ஒன்றை எடுத்துப் போட்டேன்.

"நீர் வேண்டாம்."

"ஒரு ஆள் தனியப் போகக் கூடாது எண்டுதானே விதி?"

முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் ஒரு நிமிடம் சிரித்தன என்று நினைக்கிறேன்.

செத்தவற்றை எடுக்க இருவரும் குறடு பிடித்துக்கொண்டு மேற்கு ஓரத்திலிருந்து உள்ளே போனோம். பழையபடி தலையில் கொத்தவில்லை. கொத்த அவற்றுக்குப் பெலன் இல்லை. காலடியைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும், உயிருள்ள குஞ்சும் செத்த குஞ்சும் ஒரே நிறம், கல்லின் நிறம். நான் ஒன்றை எடுத்துப் பைக்குள் போடப்போனபோது அது வாயைத் திறந்தது. என் கை உதறி அது கீழே விழுந்தது. ஐங்கரன் திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லை, அதை அப்படியே விடும்" என்றார். அது எழும்பவில்லை.

ஒவ்வொரு பையையும் இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி, இறங்குதுறைக்குப் பக்கத்தில் மூடியுள்ள பீப்பாய்களில் அடைத்தோம். பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. மேலங்கிக்குள் வேர்வை ஓடியது. மதியத்துக்குள் மேற்குப் பக்கம் மட்டும் முடிந்தது. முந்நூற்றுக்கு மேல்.

பயந்து ஓடிய குஞ்சுகளில் சில கூழாங்கல் மேட்டின் விளிம்பிலிருந்து கீழே பாறைக்கு விழுந்தன. கடற்காகங்கள் காத்துக்கொண்டிருந்தன. நான் கண்டேன். அவரும் கண்டார்.

கழற்றிக் கழுவி உள்ளே வந்தபிறகு அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கனகாலத்துக்குப் பிறகு என் தோளில் தலை வைத்தார். அரைமணி நேரம் இருந்திருக்கும். என் கால் விறைத்துப்போனது, அசைக்கவில்லை.

ஜூன் 21

உள்ளே போனதை அவரே ஃபியோனாவுக்குப் போனில் சொல்லிவிட்டார். அவள் கத்தவில்லையாம். அதுதான் மோசம் என்கிறார். "ஐங்கரன், உன்னை நம்பித்தான் அந்தத் தீவை விட்டிருக்கிறோம்" என்று மட்டும் சொன்னாளாம்.

ஜூன் 26

வழிகாட்டல் வந்தது. இறந்தவற்றை அகற்றலாம். பாதுகாப்பு உடுப்போடு, கவனமாக, கூடுமானவரை விரைவாக.

அவர் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "ஒரு கிழமைக்கு முந்திச் சொல்லியிருந்தால்" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

இப்போது இதுதான் எங்கள் நாள். காலை மேற்கு, பிற்பகல் மேடு. கழுவுதல். சோறு. மருந்துக்கடையில் நான் எல்லாவற்றையும் எழுதி, ஒட்டி, அடுக்கி வைக்கிறவள். இங்கேயும் பீப்பாய்களுக்கு அதைத்தான் செய்கிறேன்.

ஜூலை 2

இன்று எடுத்த ரோசா ஒன்றின் காலில் வளையம். அவர் எண்ணை வாசிக்கவில்லை. பார்த்தவுடனேயே தெரிந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் குஞ்சாக இருந்தபோது அவரே போட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய், ஒவ்வொரு மே மாதமும் இதே மேட்டுக்குத் திரும்பி வந்த பறவை.

"இவ இங்கதான் பிறந்தவ" என்றார். மற்றவற்றைப் போடுவதுபோலவே பைக்குள் போட்டார்.

அக்கா அழைத்தாள்.

"இப்பவாவது சொன்னனியோ?"

"இப்பவோ? உங்களுக்கு என்ன விசரே அக்கா?"

"எனக்கு விசர் இல்லை. நீ வரமாட்டாய் எண்டு நினைக்கிறன். அறையை என்ன செய்ய?"

"பூட்டி வையுங்கோ."

"பூட்டி வைக்கிறதோ, திறந்து வைக்கிறதோ?"

சிக்னல் போய்விட்டது. உண்மையிலேயே போனது.

ஜூலை 7

நல்ல செய்தி. ஐங்கரன் தெளிந்துவிட்டார். மூன்று கிழமைக்குப் பிறகு சவரம் செய்தார். தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டார். கோபம் இல்லை, பெருமூச்சு இல்லை, ஃபியோனாவோடு பேசும்போது குரல் அமைதியாக இருந்தது.

பிற்பகல் எனக்கு ரேடியோவில் கடலோரக் காவலை எப்படி அழைப்பது என்று காட்டித் தந்தார். மின்கலங்களை எப்படி மாற்றுவது, தண்ணீர்த் தாங்கியை எப்படிப் பூட்டுவது, ஓரத்துப் பெட்டிகளின் எண்கள் எப்படிப் போகின்றன, எல்லாம். "உமக்குத் தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். தன் நல்ல தொலைநோக்கியை என் கழுத்தில் போட்டுவிட்டார். "இனி இது உம்மட. உமக்குத்தான் கண் கூர்மை."

நன்றாகப் பழகிவிட்டேன் போல. எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இன்று நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜூலை 10

கடுமையான மூடுபனி. தெற்குப் பாறையில் ஐங்கரன் வழுக்கிவிட்டார். பிடிக்கப்போய் நானும் நனைந்தேன். இருவரும் நலம்.

ஜூலை 12

முந்தாநாள் எழுதியது சரியில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் எழும்பியபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மட்டும்தான். வெளிச்சவீடுகூடத் தெரியவில்லை. இறங்குதுறையில் தொட்டியைக் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மேசையைத் துடைக்கப்போனபோது அவருடைய ரேடியோ அங்கே இருந்தது. பக்கத்தில் போன், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வரிசையாக. ரேடியோ இல்லாமல் அவர் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டார்.

அப்போதுதான் சவரம் செய்த முகம் ஞாபகம் வந்தது. மருந்துக்கடையில் எத்தனை பேருக்கு எத்தனை மாத்திரை கொடுத்திருக்கிறேன். எத்தனை வீட்டார் வந்து "நல்லாத்தானே இருந்தவர், சிரிச்சவர்" என்று சொல்லி அழக் கேட்டிருக்கிறேன். நான்தான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எழுதினேன்.

ஓடினேன். இறங்குதுறையில் இல்லை. பனிக்குள் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கத்தினேன். பறவைகள்தான் கத்தின. தெற்கில் பாறைகள் படிப்படியாகக் கடலுக்குள் இறங்கும். அங்கே போனேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஐங்கரன்!"

திரும்பினார். "வதனி, அங்கயே நில்லும். பாசி. வழுக்கும்."

நான் இறங்கினேன். குளிர் காலைக் கடித்தது.

"வராதையும். உமக்கு நீந்தத் தெரியாது."

"தெரியாதுதான். நீங்கள் வாங்கோ."

"கொஞ்சம் நிண்டிட்டு வாறன்."

"வரமாட்டியள். எனக்குத் தெரியும்."

ஒவ்வொரு அலைக்கும் அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. பிடித்து நிற்க அவர் முயலவில்லை.

"நான் உள்ளுக்குப் போனதாலை செத்ததோ, போகாததாலை செத்ததோ, அதுகூட எனக்குத் தெரியாது வதனி. சொன்னதைக் கேட்டுப் பேசாமல் இருந்தன். செத்துது. பிறகு கேக்காமல் போனன். அதுக்கும் செத்துது. ஏழு சோடியிலயிருந்து நான் பார்த்தது."

"அது நோய் வருத்தம். நீங்கள் கொண்டுவந்ததோ?"

"நீர் என்னை விட்டிட்டுப் போறதுக்குத்தானே வந்தனீர்?"

பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு நாளும் வராத மனுசி பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தால் எனக்கு விளங்காதோ? நான் பிழை எண்டு சொல்லேல்லை. நீர் எப்பவோ போயிருக்க வேணும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் சொல்லிப்போடுவீர்."

நான் இன்னும் ஒரு படி இறங்கினேன். "நான் போகேல்லை. எங்கயும் போகேல்லை. ஏறி வாங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. பாவம் பார்த்து ஒருவர் சொல்கிற வார்த்தையைக் கேட்பவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெல்ல மற்றப் பக்கம் திரும்பினார்.

அப்போது நான் விழுந்தேன்.

தண்ணீர் தலைக்கு மேலே போனது. மூக்கு, வாய் எல்லாம் உப்பு. கை எதையோ தேடியது, பாசிதான் வந்தது. பிறகு ஒரு கை என் சட்டையைப் பிடித்துத் தூக்கியது. அவர் என்னைப் பாறைமேல் தள்ளி ஏற்றி, தானும் ஏறி, என் முதுகில் அடித்துக்கொண்டே, "விசரி, விசரி, நீந்தத் தெரியாது எண்டு சொன்னனானெல்லே" என்று கத்தினார். அழுதார். குளிரில் பல்லோடு பல் அடிக்க இருவரும் அங்கேயே கிடந்தோம்.

வழுக்கி விழுந்தேனா, நானாகக் காலை எடுத்தேனா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவர் கேட்கவில்லை.

அவர் காட்டித் தந்தபடியே ரேடியோவில் கடலோரக் காவலைக் கூப்பிட்டேன். பனியில் ஹெலிகொப்டரும் வராது, அலையில் படகும் கட்ட முடியாது. உயிர் ஆபத்து உடனே இருக்கிறதா என்று கேட்டார்கள். என் கைக்குள் அவர் கை இருந்தது. இப்போது இல்லை என்றேன். கூடவே இருங்கள், ஒவ்வொரு மணித்தியாலமும் அழையுங்கள் என்றார்கள். நான் அவரை விட்டு நகரவில்லை.

ஜூலை 13

டொக்டர் போனில் அவரோடு முக்கால் மணி நேரம் பேசினார். ஐங்கரன் சுவரோடு ஒட்டி நின்று பேசினார், நான் பத்தடி தள்ளி நின்றேன். முடித்துவிட்டு வந்து, "எல்லாம் சொன்னன்" என்றார். முகம் வீங்கியிருந்தது.

ஃபியோனா என்னோடு பேசினாள். தீவை மூடுகிறார்கள். கடல் அடங்கிய முதல் நாளே படகு. "பறவைகள்?" என்று கேட்டேன். "முதலில் அவரைக் கொண்டுவா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுடைய மற்ற எல்லாவற்றையும் மன்னித்தேன்.

ஜூலை 15

ரோசாக் குஞ்சுகள் பறக்கத் தொடங்கியிருக்கின்றன. மேட்டின் விளிம்பில் நின்று செட்டையை அடித்து, ஓர் ஆள் உயரம் எழும்பி, விழுந்து, பிறகு எழும்புகின்றன. நான்தான் எண்ணுகிறேன். பதினொன்று. நூறு சோடிகளின் குஞ்சுகளில் பதினொன்று. அவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

நான் வெங்காயம் வெட்டும்போது கதவடியில் வந்து நின்றார்.

"அண்டைக்குத் தண்ணிக்குள்ள நிண்டு நீர் சொன்னதை நான் கணக்கிலை எடுக்கேல்லை, வதனி. அது அந்த நேரத்துக்குச் சொன்னது. நீர் கட்டுப்பட வேண்டாம்."

"இதுதான் கடைசி வெங்காயம்" என்றேன்.

"நான் சொல்லுறது கேட்டதோ?"

"கேட்டது. தட்டை எடுங்கோ."

ஜூலை 17

இன்று கடல் படுத்துவிட்டது. ஆர்ச்சி எட்டு மணிக்கே வந்துவிட்டார். ஃபியோனாவும் கூட வந்திருந்தாள், நரைத்த முடி, குள்ளமான பெண். என் கையைப் பிடித்தாள்.

கடைசியாக ஒரு தடவை தொலைநோக்கியில் மேட்டைப் பார்த்தேன். பறக்கக் கூடியவை பறந்துவிட்டன. ஒரே ஒரு குஞ்சு, பிந்திப் பொரித்தது, பெட்டிக்கு வெளியே கல்லோடு கல்லாக இருந்தது. செட்டை இன்னும் முற்றவில்லை. ஒரு கிழமையாவது வேண்டும். தாய் தகப்பனில் ஒன்றைத்தான் நான் நாலு நாளாகக் காண்கிறேன்.

அவரும் அதைக் கண்டுவிட்டார். பையைக் கீழே வைத்தார்.

"ஒரு கிழமை" என்றார். "ஒரு கிழமைதான் வதனி. அது பறந்ததும் வாறன். ஃபியோனாவும் என்னோட நிக்கட்டும்."

ஃபியோனா என்னைப் பார்த்தாள். ஆர்ச்சி கயிற்றைப் பார்த்தார். இந்த முறை நான் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லை. ஏறுங்கோ."

"அது உயிரோட இருக்குது."

"ஓம். நீங்களும் இருக்கிறியள். ஏறுங்கோ ஐங்கரன்."

நீண்ட நேரம் நின்றார். மறுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. பிறகு குனிந்து பையை எடுத்தார். உயிரோடு இருந்த அந்த ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் படகில் ஏறினோம்.

தீவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் அவருக்கு முன்னால், தீவைப் பார்த்தபடி. படகு இரைந்தது. அதற்குள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஹரோவிலை எந்த வீட்டுக்கு, வதனி?" என்றார்.

"முதல் டொக்டரிட்டை."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு பசிக்கும். சாப்பிடுவம்."

அதற்கு மேல் எனக்கே தெரியாது. தெரியாததைச் சொல்லவில்லை. அவர் தலையாட்டினார், தனக்கு நியாயமானது கிடைத்த மாதிரி.

பாதி வழியில் ஒரு ஆலா எங்கள் தலைக்கு மேலாகத் தாழப் பறந்தது, நாங்கள் விட்டு வந்த பக்கத்துக்கு. வெயில் நெஞ்சில் பட்டபோது அந்த இளஞ்சிவப்பு தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மீன் கொண்டு போகுது" என்றேன்.

"ஒண்டோ, ரெண்டோ?"

"ஒண்டுதான்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு குஞ்சுக்கு அது போதும்" என்றார்.